தாகத்துக்கு வெயில் மட்டுமா காரணம்?

பங்சாரில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு வயது 34. மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தார். "ஜிம்முக்குப் போறீங்களா? நல்லா இளைச்சிட்டீங்களே!" என்று பலரும் பாராட்டினார்கள். அவரோ ஒன்றரை லிட்டர் போத்தல் தண்ணீரை மதியத்துக்குள் காலி செய்வார். ஒரு மணி நேரக் கூட்டத்தில் இரண்டு முறை கழிவறைக்கு எழுந்து போவார். கேட்டால், "வெயில் அப்படி, அண்ணே" என்பார். கண் மங்கியதற்குக் கணினியைக் காரணம் சொன்னார்.

அவருடைய அம்மாவுக்கு இனிப்பு நீர் இருப்பது எனக்குத் தெரியும். "ஒரு தடவை ரத்தம் பார்த்துடுங்க தம்பி" என்றேன். கிளினிக்கில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது 19 மில்லிமோல் காட்டியது. அன்றே சிகிச்சை தொடங்கியது.

இந்த அறிகுறிகள் எல்லாம் ஒரே கதையின் பகுதிகள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால்தான் இரவில் பலமுறை எழுகிறோம், நாக்கு வறள்கிறது. உடலுக்குச் சேர வேண்டிய சக்தி வீணாவதால் சோர்வும் பசியும் எடை இழப்பும் வருகின்றன. கண்ணின் லென்ஸ் வீங்குவதால் பார்வை மங்குகிறது. அந்தத் தாகத்துக்கு மைலோ ஐஸும் சிரப்பும் குடித்தால் சர்க்கரை மேலும் ஏறும்.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் வந்தாலே அது நீரிழிவின் அளவு. தாகமோ 10-ஐத் தாண்டிய பிறகுதான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் உடல் வாய் திறப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியாது. இந்தியர்களிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு.

ஆறாத புண், பாதத்தில் எரிச்சல் அல்லது மரத்துப்போதல், அடிக்கடி வரும் அரிப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள். கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்தால் அது அழுக்கு என்று தேய்க்க வேண்டாம்; இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்திய பிள்ளை மீண்டும் தொடங்கி, தண்ணீரும் நிறையக் கேட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அறிகுறியே இல்லாவிட்டாலும் 30 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது நல்லது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு இருந்து, எடையும் கூடியிருந்தால் 30 வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். 40 வயதைத் தாண்டிய பி40 பிரிவினர் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாகவே பரிசோதித்துக்கொள்ளலாம். வீட்டுக் கருவி எச்சரிக்கும். கை நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தம்தான் உறுதி சொல்லும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி நம் நாட்டில் 6.3 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு.

தமிழ்நாட்டு உறவினர் "எனக்கு 126" என்றால் பதற வேண்டாம். நம் அளவை 18ஆல் பெருக்கினால் அவர்கள் அளவு. 126 என்பது நம் 7.0தான்.

இந்த வாரம் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு கூடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள்?" பதில் சொல்ல யோசிப்பவரை முதலில் அழைத்துப் போங்கள்.