சத்து மாத்திரையை தூக்கி எறியாதீங்க! பின்னால் இருப்பவர் சென்னையில் படித்த டாக்டர்

தென்காசி:
தென்காசி அரசு ஆஸ்பத்திரியிலும், குற்றாலம் சுற்றுவட்டார கிராமங்களில் நர்சுகள் மூலமும் கர்ப்பிணிகளுக்கு சத்து மாத்திரை இலவசமாக கொடுக்கிறார்கள். ‘வயித்தை புரட்டுது, கறுப்பா போகுது’ என்று சிலர் குப்பையில் போட்டு விடுவதும் உண்டு. அதில் இரும்புச்சத்தோடு இருப்பது போலிக் அமிலம். ரத்தம் ஊறவும், குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு ஒழுங்காக வளரவும் இது வேண்டும்.

1945-ல் இதை செயற்கையாக தயாரித்துக் காட்டியது, அமெரிக்காவில் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷனில் மூன்றாவது தடவைதான் பாஸ்! சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்கார பேராசிரியர் கோபப்பட்டார். முழு பட்டத்துக்கு பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஸ்புரூ என்ற வயிற்றுப்போக்கு நோய்க்கு சகோதரர்களை பறிகொடுத்தவர். பின்னாளில் அந்த நோய்க்கே போலிக் அமிலம் மருந்தானது.

அமெரிக்கா போய், ஆஸ்பத்திரியில் ராத்திரி எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். யானைக்கால் மாத்திரையும், புற்றுநோய்க்கு தரும் மெத்தோட்ரெக்சேட்டும் இவரது குழுவின் வேலைதான். 1948-ல் 53 வயதில் மாரடைப்பில் இறந்தார். கடைசி வரை அமெரிக்க குடியுரிமை வாங்கவில்லை.

கறுப்பாக போவது இரும்புச்சத்தால்தான், பயம் வேண்டாம். குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். டீ, காபியோடு மட்டும் கூடாது.