ஆவியாகாத மிச்சம்

கொடைக்கானலின் சோலைகளினின்றும் புல்வெளிகளினின்றும் இறங்கிவரும் ஓடைத் தண்ணீர், எளிதில் கரையாத பாறைகளின்மேல் சிறிது நேரமே தங்கி ஓடிவருவதால், உப்பு மிகக் குறைந்த ஜலமாக இருக்கிறது. மலையடிவாரத்தில் பூமிக்குள் இறங்கி, நெடுங்காலம் மண்ணோடு உறவாடிக் கிணற்றில் ஊறும் தண்ணீரோ அப்படியன்று. தோல் பதனிடும் சாலைகளின் உப்புக்கழிவு நிலத்தடியில் சேர்ந்துவிட்ட திண்டுக்கல் சுற்றுப்புறத்தில் சில கிணறுகளின் நீர் நாவில் வைத்தாலே கரிக்கும். குடிப்பவனுக்கு இது ருசியைப் பற்றிய விஷயம்; ஆவிக் கொதிகலன் வைத்திருப்பவனுக்கோ எரிபொருள் செலவைப் பற்றிய விஷயம்.

கொதிகலனுக்குள் நடப்பது உப்பளத்தில் நடப்பதே. நீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த லவணங்கள் அனைத்தும் உள்ளேயே நின்றுவிடும். புதுத் தண்ணீர் வர வர உப்பு ஏறிக்கொண்டே போய், ஓர் எல்லையைக் கடந்ததும் நீரின்மேல் நுரை கட்டும். அப்போது, அதுவரை அமைதியாக இருந்த கேஜ் கிளாஸில் நீர்மட்டம் துள்ளத் தொடங்குவதையும், எது மெய்யான மட்டம் என்று தெரியாமல் பாய்லர்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடியருகே குனிவதையும் காணலாம். நுரையிலிருந்து தெறிக்கும் துளிகள் ஆவியோடு கிளம்பிக் குழாய்களிலும் டர்பைன் இறக்கைகளிலும் உப்பைப் பூசிவிட்டுப் போகும்.

'நாங்கள்தான் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோமே' என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. அந்தக் கருவி, காரை படியச் செய்கிற கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வாங்கிக்கொண்டு அவற்றிற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கிறதேயன்றி, உப்பின் மொத்தப் பிரமாணத்தைக் குறைப்பதில்லை. காரைக்கு அது மருந்து. கரைந்த உப்புக்கு அன்று.

ஆகவே, உப்பேறிய நீரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டு, அந்த இடத்தைப் புதுநீரால் நிரப்ப வேண்டியிருக்கிறது. இதைத்தான் தொழிற்சாலைகளில் ப்ளோ டவுன் என்கிறார்கள். சாதாரண அழுத்தத்தில் இயங்கும் கொதிகலன்களில் லிட்டருக்குச் சுமார் 3,500 மில்லிகிராம் வரை உப்பு ஏற விடுவது வழக்கம். உள்ளே வரும் நீரில் 500 மில்லிகிராம் இருந்தால் (குடிநீருக்கு நம் நாட்டுத் தரவிதி விரும்பும் உச்சவரம்பும் இதுவே) ஆறு டன் ஆவிக்கு ஒரு டன் கொதிநீரைக் கொட்டியாக வேண்டும். 50 மில்லிகிராமே உள்ள நீரானால் அதே ஒரு டன்னைக் கொட்டி அறுபத்தொன்பது டன் ஆவி எடுக்கலாம். முதல் கணக்கில் எரிபொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு சாக்கடைக்குப் போகிறது. அதற்கு அஞ்சி வால்வைத் திறக்காதிருப்பவர் நுரையிடம் அகப்படுவார். அச்சத்தில் அடிக்கடி திறப்பவர் விறகைத்தான் வெளியே விடுகிறார். பின்னவரே அதிகம் என்பது என் எண்ணம், ஏனெனில் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரிலுள்ள உப்பைக் காட்டிக்கொடுக்கும் மின்கடத்துந் திறனை அளக்கும் சிறு மீட்டர் ஒன்று இருந்தால், ஊகத்துக்கு இடமில்லை.

இந்தக் கவலை குறைந்த ஆலைகளும் உண்டு. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கில் பிறக்கும் அமராவதிக்கு 1957-இல் அணை கட்டி முடிந்தது. அதன் பாசனத்தில் கரும்பு விளையும் சீமையில், பழனிக்கும் உடுமலைக்கும் நடுவே, கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எழுந்தது. சர்க்கரை ஆலைகளுக்கு ஒரு விசேஷ பாக்கியம் உண்டு. கரும்பின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். சாற்றைக் காய்ச்சும்போது எழும் ஆவி குளிர்ந்தால், உப்பென்பதே அநேகமாக இல்லாத நீர் கிடைக்கிறது. கொதிகலனுக்கு இதைவிட உத்தமமான தண்ணீர் வேறில்லை. ஆனால் சாறு பொங்கி அந்த நீரில் சர்க்கரை கலந்துவிட்டால், அது கொதிகலனில் சிதைந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். எனவே மாதிரி நீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்து, ஆல்ஃபா நாஃப்தால் சில துளிகள் இட்டு, கந்தகாமிலத்தைக் குழாயின் பக்கமாக மெல்ல வழியவிடுகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றிவிட்டால், அந்த நீரை உடனே வேறு பக்கம் திருப்பிவிட்டு, சர்க்கரை புகுந்த கொதிகலனின் வால்வைத் தாராளமாகத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு எரிபொருள் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.