எருவோடு வந்த முள்

சமையல் குறிப்பு எழுத வேண்டியவள் முள்ளைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நினைக்காதீர்கள். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்களுக்குச் சமையல் எவ்வளவு முக்கியமோ, முள்ளும் அவ்வளவு முக்கியம்!

போன வருஷம் எங்கள் சின்னவன் செருப்பில்லாமல் கொல்லையில் ஓடி, உள்ளங்காலில் சீமைக்கருவேல முள்ளை ஏற்றிக்கொண்டான். ஊக்கால் எடுத்தேன், முழுசும் வந்துவிட்டது என்றே நினைத்தேன். எருக்கம்பால் வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள், வைத்தேன். மூன்றாம் நாள் கால் பலூன் மாதிரி வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. டாக்டர் கீறிப் பார்த்தபோது முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து கிடந்தது. தடுப்பூசி போட்டு, என்னையும் நன்றாகத் திட்டி அனுப்பினார். திட்டு வாங்க வேண்டியதுதான். எருக்கம்பால் புண்ணுக்கு ஆகாது, கண்ணில் பட்டால் கண்ணையே கெடுத்துவிடும். முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், முறிந்த சந்தேகமிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த மரத்தை எங்கள் கொல்லையில் யாரும் நடவில்லை. பிறகு எப்படி வந்தது? மாமனாரிடம் கேட்டேன். கத்தரிப் பாத்திக்கு வாங்கிப் போட்டிருந்த சாண எருவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏழெட்டு விதை. “எருவோட வந்துருக்கும்மா” என்றார்.

விதை பரவும் வழிகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எருக்கங்காய் வெடித்தால் விதை பஞ்சு கட்டிக்கொண்டு காற்றில் பறக்கும். நாயுருவி சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். நெருஞ்சிக்கு நம் காலே வண்டி. ஆமணக்கு வெயிலில் ‘பட்’டென்று தெறிக்கும். வேப்பம்பழத்தைக் காக்காய் தின்று கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும்.

சீமைக்கருவேலின் சாமர்த்தியமே தனி. மஞ்சள் கதிராகப் பூக்கும். ஒரு கதிரில் நூற்றுக்கணக்கான பூ. தேனீக்கள் மகரந்தத்தை மரத்துக்கு மரம் சுமந்து போகும். காயாவது என்னவோ சில பூக்கள்தான். ஆனால் அந்தக் காய் முற்றி நெற்றானால் சதை வெல்லம் போல் இனிக்கும். கோடையில் புல் பூண்டு காய்ந்து கிடக்கும்போது ஆடு மாடுகளுக்கு அதுதான் பலகாரம். சதை செரித்துவிடும். விதைக்குத் தடித்த தோலும் அதற்கு மேல் ஓர் ஓடும் இருப்பதால் பல விதைகள் அப்படியே வெளியே வந்துவிடும். ஆடு கொஞ்சம் கடித்து நொறுக்கும், மாட்டின் சாணத்தில் முழு விதை அதிகம். வயிற்றில் ஊறித் தோல் இளகியதால் மழை பட்டதும் முளைக்கும், கூடவே உரமும் ரெடி!

வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். இதுவோ மண்ணில் வருஷக் கணக்காகக் காத்துக்கிடக்கும். மத்திய அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து மரமாம். 1870களில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் நாட்டுக்கு வந்தது, விறகுக்கும் வேலிக்கும் என்று பிறகு பரப்பப்பட்டது. மழை பொய்த்து தரிசாகப் போட்ட நிலமும் கண்மாயும் அதன் வசமாகிவிட்டன. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னது, சில மாதங்களில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு இது போன்ற ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது.

முழுக்கத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. காஸ் வருவதற்கு முன் எங்கள் வீட்டு அடுப்பும் இதில்தான் எரிந்தது. ஆனால் குழந்தைகள் ஓடும் கொல்லையில் வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நெற்று விழும் காலத்தில் ஆட்டை அந்தப் பக்கம் விடுவதில்லை, கட்டிப்போட்டுத் தீனி போடுகிறோம். நெற்றைப் பொறுக்கி வந்தால் விதையும் நொறுங்கும்படி அரைத்துப் போட வேண்டும். நல்ல சத்துள்ள தீனி. எருவைக் குழியில் நன்றாக மக்கவிட்டே பாத்திக்கு எடுக்கிறேன். அப்படியும் ஒன்றிரண்டு முளைக்கத்தான் செய்யும். ஐப்பசி மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போதே கன்றை வேரோடு பிடுங்கிவிடுங்கள். அரிவாளால் மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும்.

இந்த வருஷம் பிடுங்கும் வேலையைச் சின்னவனிடமே கொடுத்தேன், செருப்புப் போட்டுக்கொண்டுதான். நாற்பத்து மூன்று என்று எண்ணிச் சொன்னான். குழாயடியில் ஒன்றை மட்டும் பாதியில் முறித்துவிட்டான் போலிருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், இரண்டு துளிர் விட்டிருக்கிறது.