பகுபட்ட பேரெண்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்து வைத்துச் செல்லும் கதையைக் கேளாதார் இலர். அவ்வாறு வைப்பின், முப்பத்து மூன்றாம் கட்டத்திற்கு உரிய நெல் 429,49,67,296 ஆகும். அதனினும் ஒன்று மிகுந்த 429,49,67,297 என்னும் எண், கணித அறிஞரை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு ஐயத்தில் ஆழ்த்தியது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண், பகா எண் எனப்படும். 7 பகா எண். 15 பகு எண். மூன்றும் ஐந்தும் அதனை வகுக்கும். பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பணியாற்றிய பெர்மா என்பார், எண்களை ஆராய்வதில் பேரின்பம் கண்டவர். அவர் 1640ஆம் ஆண்டில் ஒரு வரிசையைக் குறித்தார். இரண்டோடு ஒன்று கூட்டின் 3. இரண்டைத் தன்னாற் பெருக்கி, வந்த நான்கோடு ஒன்று கூட்டின் 5. அந்நான்கைத் தன்னாற் பெருக்கி, வந்த பதினாறோடு ஒன்று கூட்டின் 17. இம்முறையே மேலும் செல்லின் 257, 65,537 என வரும். இவ்வைந்தும் பகா எண்களே. ஆதலின் இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனப் பெர்மா கருதினார். அதனை நிறுவத் தம்மால் இயலவில்லை என்பதையும் மறையாது எழுதினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுக்களைக்குப் பொருந்தும். எண் நூலுக்குப் பொருந்தாது.

வரிசையின் ஆறாம் எண்ணே மேற்கூறிய பேரெண். அது பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தைக் கடவாத பகா எண் ஒன்றேனும் அதனை வகுத்தல் வேண்டும். அவ்வர்க்கமூலமோ 65,536ஐச் சிறிதே கடந்தது. அதற்கு உட்பட்ட பகா எண்கள் 6,542. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்க்க எவர்க்குப் பொறுமை உண்டு?

1729ஆம் ஆண்டில் கோல்டுபாக்கு என்னும் அறிஞர், உருசிய நாட்டுப் பீட்டர்சுபர்க்கு நகரில் இருந்த ஆய்லருக்கு எழுதிய மடலில், பெர்மாவின் கருத்தைப் பற்றி வினவினார். ஆய்லர் அப்பொழுது இருபத்திரண்டு வயதினர். 1732இல் அவர், இப்பேரெண் 641ஆல் வகுபடும் எனக் காட்டினார். ஈவு 67,00,417, மீதி இல்லை. ஐயமுறுவார் தாமே பெருக்கிப் பார்க்கலாம். சில வரிகளில் அடங்கும் கணக்கே அது.

இதற்குரிய குறுக்கு வழியை ஆய்லர் பிற்காலத்தில் விளக்கினார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும் என்று அவர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் செல்லும். முதல் நான்கும் வகுக்கா, ஐந்தாவது வகுக்கும். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல் ஐந்தாகச் சுருங்கிய விந்தை இதுவே.

பெர்மாவின் கருத்துப் பிழைபட்டதேனும் அவர் வகுத்த வரிசை வீண்போகவில்லை. பக்கங்களும் கோணங்களும் தம்முள் ஒத்த பதினேழு பக்க உருவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு வரையலாம் என்று 1796இல், பதினெட்டு வயதினரான காஸ் கண்டறிந்தார். அப்பதினேழு இவ்வரிசையின் மூன்றாம் எண். ஏழாம் எண்ணும் பகு எண்ணே என்பதை 1880இல் இலாந்திரி என்பார் அதன் காரணிகளைக் கண்டு காட்டினார். முதல் ஐந்துக்குப் பின் இவ்வரிசையில் பகா எண் ஒன்றேனும் இதுகாறும் கிடைத்திலது. இனிக் கிடையாது என்று நிறுவினாரும் இலர்.