ஞாயிறு ராத்திரி "மேப்" வேட்டை!
சரித்திர வீட்டுப்பாடத்தால் அப்பாக்கள் திண்டாட்டம்

"அண்ணே, உலக மேப் ரெண்டு குடுங்க!"

சென்னையில் ஞாயிறு ராத்திரி ஸ்டேஷனரி கடைக்காரர்களுக்குப் பழகிப் போன குரல் இது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்கிறார்கள். கேட்பது பையன் அல்ல, அப்பா!

எல்லாம் 10-ம் வகுப்பு சரித்திரப் பாடம் செய்கிற வேலை.

வாரம் ஒரு வேலை கொடுக்கிறார் வாத்தியார். ஒரு வாரம் காலக்கோடு. மறு வாரம் மேப். திங்கட்கிழமை கொண்டு வர வேண்டும். "மறக்க வேண்டாம்" என்று வாட்ஸ்-அப்பில் நினைவூட்டலும் வருகிறது. ஆனால் வருவது அப்பாவின் போனுக்கு! அவர் கல்லாவில் இருப்பார், அல்லது மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டிருப்பார். சரக்கு விலை, சீட்டுப் பணம், காலை வணக்கம் இவற்றுக்கு நடுவே அது புதைந்து போகிறது. ஞாயிறு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் குட்டு உடைகிறது. "ஏம்ப்பா, மெசேஜ் பாக்கலையா?"

35 மார்க் விவகாரம்

இது சிரித்து விட்டுப் போகிற விஷயம் இல்லை. சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் நாலும் சேர்ந்து ஒரே பேப்பர். 100-க்கு 35 எடுத்தால்தான் பாஸ். சரித்திரத்தில் மட்டும் 10 பாடம். முதல் நாள் ராத்திரி உருப்போட்டால் 1914-ம் 1919-ம் ஒன்றோடொன்று குழம்பும். காலக்கோடும் மேப்பும் அரசுப் பரீட்சையிலேயே வருகின்றன. கட்டுரை எழுதத் தடுமாறுகிற பையன்கூட, வாரா வாரம் கை பழகினால் இதில் மார்க் வாங்கி விடலாம்.

கோடு போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1900 முதல் 1920 வரை, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். டப்பாவில் கிடக்கும் ரூலரோ 15 சென்டிமீட்டர்தான்!

"எம்டன்" குண்டு

கோட்டில் 1914 என்று குறிக்கிற பையனுக்கு, முதல் உலகப் போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டை. அந்த வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் "எம்டன்" சென்னை மீதே குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. குண்டு விழுந்ததற்கு ஐகோர்ட்டு சுற்றுச்சுவரில் நினைவுக்கல் இருக்கிறது. பாரிமுனையில் பஸ் ஏறுகிற அப்பாவுக்கு அது கூப்பிடு தூரம். பொல்லாத ஆளை "சரியான எம்டன்" என்கிறோமே, அந்தக் கப்பல்தான் இது!

நீல் சிலையும் அப்படித்தான். 1857 கிளர்ச்சியில் கொடுமை செய்த வெள்ளைக்கார அதிகாரி நீல். மவுண்ட் ரோட்டில் நின்ற அவன் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் போராட்டம் நடந்தது. பலர் ஜெயிலுக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை அகற்றப்பட்டு, எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. பாடப் புத்தகத்திலும் இந்தப் போராட்டம் இருக்கிறது.

ஞாயிறு பகலில் பையனைக் கூட்டிக்கொண்டு மியூசியம் போய் வரலாம். மேப்பையும் அப்படியே வாங்கி விடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் மியூசியத்துக்கு லீவு.