உயிரணுவும் நுண்ணோக்கியும்: கலைச்சொல்லாக்கத்தில் சில பொருண்மைச் சிக்கல்கள்

ராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா என்னும் நூலில், தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுண்ணோக்கியின்கீழ் கண்ட செய்தியை விவரிக்கின்றார். தேனடையை ஒத்த சிற்றறைகள் அதில் நிரம்பியிருந்தன. ஓர் அங்குல நீளத்தில் 1080 அறைகள் என்று கணக்கிட்ட அவர், சிற்றறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த 'செல்' என்பதை அவற்றுக்குப் பெயராக்கினார். தக்கையில் அவர் கண்டவை உயிரற்றவை. உள்ளீடு அழிந்தபின் எஞ்சிய சுவர்களே. 1838இல் சிலைடன் தாவரங்களைப் பற்றியும் 1839இல் சுவான் விலங்குகளைப் பற்றியும் கூறிய கொள்கைக்குப் பின்னரே, உயிரின் அடிப்படை அலகு என்ற பொருள் அச்சொல்லில் நிலைபெற்றது. ஐரோப்பிய மொழிகளில் சொல் நிற்கப் பொருள் மாறிற்று. தமிழுக்கோ இரு பொருளும் ஒருங்கே வந்தன. எதனைப் பெயராக்குவது என்னும் தேர்வு மொழிபெயர்ப்பாளருக்கு நேர்ந்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் 'கலம்' வடிவத்தைப் பெயராக்குகின்றது. 'கண்ணறை' என்று எழுதியோரும் இவ்வழியினரே. 'உயிரணு' செயலைப் பெயராக்குகின்றது. ஹூக் கண்ட தக்கையறையை உயிரணு என்று மொழிபெயர்த்தால், உயிரற்ற ஒன்றுக்கு உயிர் என்னும் அடை சேர்ந்துவிடும். அறிவியல் வரலாற்றை மொழிபெயர்ப்பவர் இவ்விடத்தில் இடர்ப்படாமல் இருக்க இயலாது. தமிழகப் பள்ளி நூல்களில் பெருவழக்காக உள்ள 'செல்' இரண்டையும் தவிர்த்து, ஒலிபெயர்ப்பாக நிற்கின்றது.

'உயிரணு' என்பதன் பெருஞ்சிக்கல் அதன் ஈற்றுச்சொல்லில் உள்ளது. இயற்பியலிலும் வேதியியலிலும் அணு என்பது தனிமத்தின் மிகச்சிறு துகள். ஓர் உயிரணுவில் அத்தகைய அணுக்கள் கோடி கோடியாக உள்ளன. 'உயிரணுவில் அணுக்கள் உள்ளன' என்னும் தொடர் இலக்கணப் பிழையற்றது. முதன்முறை படிக்கும் மாணவர்க்கு மட்டும் பொருள்படாதது. மருத்துவ வழக்கில் சிவப்பணு, வெள்ளையணு என்பன வேரூன்றிவிட்டன. 'முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லை' என்பது பாலூட்டிகளைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அணுக்கரு என்ற சொல்லை முந்தைய வகுப்பில் கற்ற மாணவர், கருவற்ற அணு எவ்வாறு இருக்க முடியும் என்று வினவுவார். அவ்வினா அறியாமையில் எழுவதன்று. கலைச்சொல் தொகுதி அவருக்கு ஊட்டிய ஒப்புமையில் எழுவது.

'செல்' என்பதும் சிக்கலற்றதன்று. ஏவல்வினையாகவும் கறையானைக் குறிக்கும் பெயராகவும் அவ்வடிவம் தமிழில் முன்பே உள்ளது. எனினும் சூழல் பொருளை எளிதில் தெளிவாக்கும். மொழியியலார் கவனத்துக்குரியது அதன் புணர்ச்சியே. உயிர்முதல் உருபு வரும்போது செல்லை, செல்லின் என ஈற்று லகரம் இரட்டிக்கின்றது. அதாவது கல், சொல் முதலியவற்றைப் போலவே நடக்கின்றது. வல்லினம் வரும்போதோ கற்கள், சொற்கள் போலச் 'செற்கள்' ஆவதில்லை. 'செல்கள்' என்றே நிற்கின்றது. மில்கள், பில்கள் என்பனவும் இவ்வாறே. கடன்சொல்லின் உருவம் சிதையாதிருக்க வேண்டும் என்னும் எழுதுவோர் உணர்வே இதற்குக் காரணம் எனலாம். ஒரே சொல் ஒரு விதிக்கு உட்பட்டு மற்றொன்றுக்கு விலகுவது, அது இன்னும் முழுமையாகத் தமிழாகவில்லை என்பதற்குச் சான்று. 'கலம்' இவ்வகையில் மேம்பட்டது; கலச்சுவர், கலப்பிரிவு என இயல்பாகப் புணரும். ஆயினும் 'கலவியல்' என்று துறைப்பெயர் அமைப்பவர் சற்று நின்று எண்ணுதல் நலம்.

கருவியின் பெயரிலும் இத்தகைய வேறுபாடு காணப்படுகின்றது. தமிழகத்தில் 'நுண்ணோக்கி', இலங்கையில் 'நுணுக்குக்காட்டி'. நோக்குபவர் மனிதர், காட்டுவது கருவி என்று கொண்டால் பின்னதே பொருத்தம். ஆனால் தொலைநோக்கி முதலியவற்றால் '-நோக்கி' கருவிப்பெயர் விகுதிபோல் ஆகிவிட்டமையின், அதனை மாற்ற முனைதல் பயனற்றது. மாற்ற வேண்டியது விளக்கத்தை. 'பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவது' என்னும் வழக்கமான வரையறை அரைகுறையானது. 1873இல் எர்ன்ஸ்ட் அபே காட்டியவாறு, ஒளியின் அலைநீளம் இக்கருவிக்கு எல்லை வகுக்கின்றது. வழக்கமான ஒளி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டரைவிட நெருங்கிய இரு புள்ளிகள், எத்தனை மடங்கு பெருக்கினும் ஒரே மங்கற்புள்ளியாகவே தோன்றும். பெருக்குவது உருப்பெருக்கம், பிரித்தறிவது பகுதிறன். பின்னதைத் 'தெளிவு' என்று மொழிபெயர்ப்போர் ஓர் அளவையைப் பண்பாக்கிவிடுகின்றனர்.

1931இல் நோலும் ருஸ்காவும் உருவாக்கிய கருவி, ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தியது. அதனை 'மின்னணு நுண்ணோக்கி' என்பதுண்டு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் போன்ற தொடர்களால் மின்னணு என்பது மின்சுற்றுகளால் இயங்குவதையும் குறிக்கும் இந்நாளில், திரை பொருத்திய எளிய ஒளி நுண்ணோக்கியையும் அப்பெயர் சுட்டக்கூடும். 'எலக்ட்ரான் நுண்ணோக்கி' என்பதே ஐயத்துக்கு இடமளிக்காதது.

இவை அகராதியோடு முடியும் செய்திகளல்ல. 2018ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையுடையது என்னும் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டிலேயே அதனை நீக்கியது. சில நொடிகளில் விடையளிக்க வேண்டிய மாணவர்க்குச் சூழலைக்கொண்டு பொருளுணர அவகாசமில்லை. அத்தகைய தாள்களில் உயிரியல் வினாவுக்குச் 'செல்' என்றும், குருதி பற்றிய வினாவில் 'இரத்தச் சிவப்பு செல்' என்றும் ஒரே சொல்லை ஆளுதல், இனிமை குறைந்ததாயினும், பிழைக்கு இடந்தராது. பொதுமக்களுக்கு எழுதும் மருத்துவக் கட்டுரையில் சிவப்பணுவை மாற்றவேண்டிய தேவை எதுவும் இல்லை.