ரிப்பன் சுருளும் விதம்

டிசம்பர் பிறந்ததும், செலவில்லாத கிறிஸ்துமஸ் அலங்காரம் என்ற பெயரில் காணொளிகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ஆனால் அவற்றுள் பலவற்றின் பொருள் பட்டியலைப் பார்த்தால், ஒரு பழைய பாட்டிலை மறுபடி பயன்படுத்துவதற்குப் புதிய வண்ணத் தெளிப்பானும் ஜிகினாத் தூளும் வாங்க வேண்டியிருப்பது தெரியும். ஜிகினாத் தூளில் பெரும்பாலானவை நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகளே என்பதாலும், மண்ணிலும் நீரிலும் கலந்துவிட்டால் அவற்றைப் பொறுக்கியெடுக்க வழியில்லை என்பதாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையைத் தடைசெய்யத் தொடங்கியது. குப்பையைக் குறைப்பதாகச் சொல்லிக்கொண்டு புதுக் குப்பையைத் தூவுவதை மறுபயன்பாடு என்று அழைப்பது பொருந்தாது.

வீட்டில் ஏற்கெனவே கிடப்பவற்றுள், பரிசுப் பொட்டலங்களிலும் பூங்கொத்துகளிலும் கட்டிவரும் பிளாஸ்டிக் ரிப்பன் மிகவும் பயனுள்ளது. கசங்கிய துண்டாக இருந்தாலும், அதைக் கத்தரிக்கோலின் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒரே சீராக இழுத்தால், அது சுருண்டு தொங்கலாகிவிடுகிறது. ஒருவர் கையில் அழகாகச் சுருளும் அதே ரிப்பன் வேறொருவர் கையில் நீட்டமாகவே நின்றுவிடுவதேன் என்னும் கேள்விக்கான விடை, இந்த எளிய செயலுக்குள் இருக்கும் பொருளறிவியல் முழுவதையும் தொட்டுவிடுகிறது.

விளிம்பின் மீது வளையும்போது ரிப்பனின் வெளிமுகம் உள்முகத்தைவிட நீண்ட பாதையைச் சுற்றிவர வேண்டியுள்ளது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிப்பன் 0.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள விளிம்பை ஒட்டி வளைவதாகக் கொண்டால், அதன் வெளிமுகம் நடுத்தளத்தைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு நீள வேண்டியிருக்கும். இழுவிசை நின்றதும் பழைய நீளத்துக்கே திரும்பும் மீட்சி எல்லையை இந்த நீட்சி தாண்டிவிடும்போது, வெளிமுகம் நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. உள்முகமோ அந்த அளவுக்கு நீளாமல் நிற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய இரு முகங்களின் நீளம் வேறுபடும்போது, நீண்ட முகம் வெளிப்புறமாகவும் கத்தரிக்கோலைத் தொட்ட முகம் உட்புறமாகவும் அமையும்படி வளைவதைத் தவிர ரிப்பனுக்கு வேறு வழியில்லை.

இந்த நிரந்தர நீட்சி எப்படி நேர்கிறது என்பதை இடியாப்பத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் இடியாப்ப இழைகளைப்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இடியாப்பத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் இழைகள் ஒன்றின் மீதொன்று வழுக்கிப் புது இடத்தில் அமர்ந்துகொள்கின்றன, வெடுக்கென்று இழுத்தால் வழுக்குவதற்கு நேரமின்றி மொத்தமாகவே எழும்பி வருகின்றன, ஆவியில் வைத்தெடுத்த சூட்டில் எளிதில் இளகுகின்றன, ஆறிக் காய்ந்தபின் இருந்த இடத்திலேயே இறுகிவிடுகின்றன. இடியாப்ப இழை இழுத்தால் அறுந்துபோகும், மூலக்கூறுச் சங்கிலியோ அவ்வளவு எளிதில் அறுவதில்லை என்ற இடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது என்றாலும், வழுக்குவதற்கு நேரம் வேண்டும் என்பதே இங்கு முதன்மையானது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆன் ஜூயல் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கட்டைவிரல் அழுத்தத்துக்குப் பதிலாக ரிப்பனில் எடையைக் கட்டி, அது சுருள்வதை அளந்து, 2016இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். வேகமாக இழுத்தால் சுருள் தளர்வாகவும், மெதுவாக இழுத்தால் இறுக்கமாகவும் அமைகிறது என்பது அவற்றுள் ஒன்று. வெடுக்கென்று இழுத்தால்தான் நன்றாகச் சுருளும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இது நேர்மாறானது. எடை குறைவாக இருந்தால் ரிப்பன் விளிம்போடு ஒட்டி வளைவதில்லை, எடை கூடக்கூடச் சுருள் இறுகுகிறது, ஆனால் ஓர் அளவைத் தாண்டியதும் உள்முகமும் சேர்ந்து நீண்டுவிடுவதால் இரு முகங்களுக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து சுருள் மீண்டும் தளர்கிறது. கட்டைவிரலைப் பலங்கொண்ட மட்டும் அழுத்துபவரின் ரிப்பன் நீட்டமாக நிற்பதன் காரணம் இதுவே.

 

ரிப்பன் கிடைக்காதபோது நாளிதழையே சுருட்டலாம் என்றாலும், காகிதத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆலையில் ஓடும் திசையிலேயே அதன் நார்கள் பெரும்பாலும் படிந்துவிடுவதால், நாளிதழ் மேலிருந்து கீழாக நேராகக் கிழிகிறது, குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகிறது. நார்களை அவற்றின் நீளவாக்கில் வளைப்பது கடினமாகையால், நாளிதழைக் குறுக்குவாக்கில் பட்டைகளாக வெட்டினால் நார்கள் வளையாமலே பட்டை சுருள்கிறது. நெடுக்குவாக்கில் வெட்டிய பட்டை முரண்டு பிடித்து மடிந்துவிடுகிறது. நாட்காட்டித் தாள் போன்றவற்றில் இந்தத் திசையை அறிய, ஒரு மூலையைக் கிழித்துப் பார்ப்பதே போதுமானது.

தமிழ்நாட்டின் டிசம்பரில் இன்னொன்றையும் கருத வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைக் காகிதத்தின் செல்லுலோஸ் எளிதில் உறிஞ்சிக்கொள்வதால், நார்களுக்கு இடையிலான பிணைப்புகள் தளர்ந்து, சன்னலோரம் தொங்கும் காகிதச் சுருள் சில நாட்களில் அவிழ்ந்துவிடக்கூடும். அதனால் வாசலுக்கும் சன்னலுக்கும் பிளாஸ்டிக் ரிப்பனை ஒதுக்கிக்கொண்டு, காகிதச் சுருளை அறையின் உட்புறத்தில் கட்டுவது நல்லது. அவிழ்ந்துபோன பட்டையையும், நன்கு உலர்த்தியபின் விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்து மறுபடி சுருட்டிக்கொள்ளலாம்.